ரொக்கம் வாங்காத ஸ்டேடியம்: மும்பையில் குடும்பத்தோடு மேட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

ஸ்டேடியத்துக்குள் ரொக்கத்தைக் கையால் தொடாத ஸ்டால்கள் பெருகிவருகின்றன. யுபிஐ அல்லது கார்டு, இரண்டில் ஒன்று. தனியாகப் போகிற இளைஞருக்கு இதனால் ஒரு சிரமமும் இல்லை. குடும்பமாகப் போகும்போது கதை வேறு. ஐந்து பேர் போகிறீர்கள் என்றால் அதில் பணம் கட்டத் தெரிந்த ஆள் ஒருவரோ இருவரோதான். டிக்கெட், தண்ணீர், வடாபாவ், திரும்புகிற டாக்ஸி எல்லாம் அந்த ஒருவர் போனில். அதே போனில்தான் பையன் வீடியோ எடுக்கிறான். பவர்பேங்க் பெரும்பாலும் கேட்டிலேயே நின்றுவிடும். எட்டரை மணிக்கு போன் அணைந்தால் பர்ஸில் இரண்டாயிரம் ரூபாய் இருந்தும் குழந்தைக்குத் தண்ணீர் வாங்க முடியாது.

எனவே ஏற்பாடு இப்படி இருக்க வேண்டும்: பணம் கட்ட மூன்று தனித்தனி வழிகள், அவை குறைந்தது இரண்டு பெரியவர்களிடம் பிரிந்து இருக்க வேண்டும், வீடு திரும்பும் செலவு மட்டும் நோட்டாக. இதைச் செய்து முடிக்க ஒரு வாரம் முன்பே ஆரம்பிப்பது நல்லது. ஏன் ஒரு வாரம் என்பது போகப் போகப் புரியும்.

ஏன் ரொக்கத்தை நிறுத்துகிறார்கள்

அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியம் 2019-இல் ரொக்கத்தை முழுதாக நிறுத்தியது. அதே ஆண்டு லண்டனில் திறந்த டாட்டன்ஹாம் கால்பந்து ஸ்டேடியம் தொடங்கும்போதே அப்படித்தான் தொடங்கியது. காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. சில்லறை எண்ணும் நேரம் மிச்சம், இரவு கல்லாக் கணக்கு பார்க்க வேண்டாம், திருட்டு பயம் இல்லை, எந்த ஸ்டாலில் எது எவ்வளவு விற்றது என்பது அப்போதைக்கப்போதே தெரியும். இந்திய கிரிக்கெட் மைதானங்களில் இன்னொன்றும் உண்டு. வீரர்கள் மேல் எறிந்துவிடுவார்கள் என்பதால் நாணயங்களுக்கு நீண்ட காலமாகவே தடை. சில்லறை உள்ளே வராத இடத்தில் ரொக்க வியாபாரம் ஏற்கெனவே நொண்டிக்கொண்டுதான் இருந்தது.

அட்லாண்டாவில் ரொக்கத்தை நிறுத்தியபோது கூடவே ஒரு இயந்திரமும் வைத்தார்கள். நோட்டைப் போட்டால் அதே தொகைக்குக் கட்டணமில்லாமல் ஒரு ப்ரீபெய்டு கார்டு வரும். நியூயார்க் நகரமோ 2020-இல் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தது. நம் ஊர் ஸ்டேடியத்தில் அப்படி ஒரு இயந்திரம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ரிசர்வ் வங்கி நோட்டை எப்படி வாங்க மாட்டேன் என்பீர்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்டாலில் நிற்கிற பையனிடம் கல்லாவே கிடையாது. அவரிடம் வாதாடினால் இரண்டு ஓவர் போய்விடும், பசி போகாது.

ஒரு வாரம் முன்பு: டிக்கெட் பக்கத்தின் பொடி எழுத்து

டிக்கெட் வாங்கும் பக்கத்தின் அடியில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ஐந்து விஷயங்களைத் தேடுங்கள். உள்ளே எந்த முறையில் பணம் வாங்குவார்கள். எத்தனை வயதுக் குழந்தைக்குத் தனி டிக்கெட். வெளியே போனால் மறுபடி உள்ளே விடுவார்களா (பொதுவாக விட மாட்டார்கள், ஏடிஎம் தேடி வெளியே ஓடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்). எந்தெந்தப் பொருளுக்குத் தடை. டிக்கெட் போனில் காட்டுவதா, காகிதமாக வாங்கிக்கொள்ள வேண்டியதா.

காகித டிக்கெட்டாக வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தால் அதையே எடுங்கள். போனுக்கு ஒரு சுமை குறைகிறது. போன் டிக்கெட்தான் என்றால், செயலியில் மாற்றிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டு பெரியவர் போன்களில் பிரித்துப் போடுங்கள். க்யூஆர் அவ்வப்போது மாறும் வகை டிக்கெட்டில் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. அதை நம்பிக் கேட்டுக்குப் போகக் கூடாது.

செலவுக் கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு தகவல். 2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28 ஆக இருந்தது. அங்கீகாரம் பெற்ற மற்ற போட்டிகளில் 500 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 18 சதவீதம். பிள்ளைகளுக்கு ஸ்டேடியத்தைக் காட்டுவதுதான் நோக்கம் என்றால் ஐபிஎல்லை விட்டு வேறு ஒரு மேட்ச்சைத் தேர்ந்தெடுப்பது பர்ஸுக்கும் நல்லது, கூட்டமும் குறைவு, யுபிஐயும் தடைபடாது.

முதல் வழி: யுபிஐ, அதிலும் யுபிஐ லைட்

மேட்ச் வாரத்தில் புது போனுக்கு மாறாதீர்கள், சிம் மாற்றாதீர்கள். யுபிஐயைப் புதிய போனில் மறுபடி பதிவு செய்தால் முதல் 24 மணி நேரம் மொத்தமே 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். பதிவுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். கூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்வது நடக்காத காரியம்.

அடுத்து, அதே செயலியில் இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்றையும் இணைத்து வையுங்கள். யுபிஐ தவறுவதற்குப் பல நேரம் காரணம் உங்கள் சிக்னல் இல்லை, உங்கள் வங்கியின் சர்வர். ஒரு வங்கி மூச்சு வாங்கினால் மற்றொன்று வேலை செய்யும். இரண்டு கணக்குக்கும் பின் (PIN) எண் நினைவிருக்கிறதா என்று பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள். பின்னைத் தொடர்ந்து மூன்று முறை தவறாகப் போட்டால் பெரும்பாலான வங்கிகளில் ஒரு நாள் முழுக்க அந்தக் கணக்கின் யுபிஐ பூட்டிக்கொள்ளும்.

இப்போது முக்கியமானது. யுபிஐ லைட் என்பது உங்கள் போனுக்குள்ளேயே இருக்கும் சிறு பணப்பை. கணக்கிலிருந்து அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை அதில் நிரப்பி வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமல் கட்டலாம். ஒவ்வொரு முறையும் வங்கி சர்வரைத் தட்டாமல் போவதால் கூட்ட நேரத்தில் இது தவறுவது குறைவு. ஸ்டேடியத்தில் வாங்குகிற எதுவும் பெரும்பாலும் ஆயிரத்துக்குள் அடங்கும்.

செய்ய வேண்டியது: செயலியின் முகப்பிலோ ப்ரொஃபைல் பக்கத்திலோ யுபிஐ லைட்டைத் தேடித் திறந்து, கணக்கைத் தேர்ந்தெடுத்து, தொகை போட்டு, ஒரே ஒருமுறை பின் கொடுங்கள். பிறகு தானாக நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். இது ஏன் என்று பின்னால் சொல்கிறோம். பக்கத்து மளிகைக் கடையில் இருபது ரூபாய்க்கு ஏதாவது வாங்கி, பின் கேட்காமல் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். யுபிஐ லைட்டுக்கும் டேட்டா வேண்டும்; சிக்னலே இல்லாத இடத்தில் அது வேலை செய்யாது. பின் கேட்காது என்பதால் போன் தொலைந்தால் உள்ளே இருக்கும் தொகைக்கு ஆபத்து. செயலிக்குக் கைரேகைப் பூட்டு போட்டு வையுங்கள், தேவைக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இரண்டாவது வழி: இரண்டாவது ஆளுக்கு யுபிஐ சர்க்கிள்

வீட்டில் ஒருவர் கணக்கில்தான் பணம், மற்றவர் போனில் யுபிஐ செயலி இருந்தும் கணக்கில் ஒன்றும் இல்லை. பல வீடுகளில் நிலைமை இதுதான். இதற்காகவே யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. ஒருவர் தன் கணக்கிலிருந்து செலவழிக்க ஐந்து பேர் வரை அனுமதி கொடுக்கலாம். கல்லூரி போகும் மகளுக்கோ மனைவிக்கோ தாத்தாவுக்கோ இதைச் செய்து வைக்கலாம். ஒருவர் ஒரே ஒரு கணக்குக்காரருக்கு மட்டுமே இப்படித் துணையாக இருக்க முடியும்.

இதில் இரண்டு வகை. ஒன்றில், ஒவ்வொரு முறையும் கணக்குக்காரர் தன் போனில் ஒப்புதல் தந்து பின் போட வேண்டும். மற்றொன்றில், முன்பே ஒரு வரம்பு வைத்து முழு அனுமதி கொடுத்துவிடலாம். மாதம் 15,000 ரூபாய் வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை. ஸ்டேடியத்துக்கு முதல் வகை உதவாது. மகள் ஸ்டாலில் நிற்கிறாள், அப்பா மேலே சீட்டில் இருக்கிறார், ஒப்புதல் கேட்கும் தகவல் நெரிசலில் சிக்கி அவர் போனுக்கு வருவதற்குள் நேரம் தாண்டிவிடும். ஒருவர் கட்ட இரண்டு போனுக்கும் சிக்னல் வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே தாங்காது. எனவே முழு அனுமதி, குறைந்த வரம்பு. அன்றைய தேவைக்கு 1,500 போதும் என்றால் 1,500 மட்டும் வையுங்கள்.

புதிதாகச் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரம் கட்டுப்பாடு உண்டு. ஆகவே மேட்ச்சுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே சேர்த்து ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும். எல்லா வங்கியும் எல்லா செயலியும் இந்த வசதியைத் தருவதில்லை. உங்கள் செயலியில் இல்லாவிட்டால் வழி எளிது: அவர் சொந்தக் கணக்குக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பி, அதை அவர் யுபிஐ லைட்டில் நிரப்பிவிடுங்கள்.

மூன்றாவது வழி: தட்டிக் கட்டும் கார்டு

கார்டைப் பழையது என்று ஒதுக்காதீர்கள். கார்டுக்கு பேட்டரி வேண்டாம். ஸ்டாலின் இயந்திரம் தன் சொந்த சிம்மிலோ ஸ்டேடியத்தின் வைஃபையிலோ ஓடுவதால், உங்கள் போனில் சிக்னல் செத்த நேரத்திலும் அது நடக்க வாய்ப்பு அதிகம். எங்கள் கருத்தில், குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதுதான் மிக நம்பகமான மாற்று வழி.

5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் தட்டிக் கட்டலாம். ஆனால் உங்கள் கார்டில் அந்த வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிய கார்டில் ஆன்லைன், வெளிநாடு, தட்டிக் கட்டுதல் ஆகியவை மூடியே வரும்; நீங்கள்தான் திறக்க வேண்டும். வங்கிச் செயலியில் கார்டு அமைப்புக்குப் போய், உள்நாட்டுப் பிரிவில் கடை இயந்திரமும் தட்டிக் கட்டுதலும் திறந்திருக்கச் செய்யுங்கள். தட்டிக் கட்டுவதற்கான வரம்பை ஒரு தடவைக்கு 1,000, நாளுக்கு 2,000 என்று குறையுங்கள். கார்டு தொலைந்தாலும் இழப்பு அதோடு நிற்கும். சில வங்கிகளில் திறந்த பிறகு முதல்முறை கார்டைச் செருகிப் பின் போட்டால்தான் தட்டுவது வேலை செய்யும். ஆகவே பெட்ரோல் பங்கிலோ மருந்துக் கடையிலோ ஒருமுறை பயன்படுத்திவிடுங்கள்.

மெட்ரோவுக்கு வைத்திருக்கும் நேஷனல் காமன் மொபிலிட்டி கார்டில் 2,000 ரூபாய் வரை சேமித்து ஆஃப்லைனில் தட்டலாம். பயணத்துக்கு அருமை. ஸ்டால்களில் அதை எடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

சில நிகழ்ச்சிகளில் கையில் கட்டும் பட்டையில் பணம் நிரப்பச் சொல்வார்கள். அப்படி இருந்தால் நிரப்புமுன் மூன்று கேள்வி: மிச்சப் பணம் எப்படித் திரும்பும், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், பிடித்தம் உண்டா. முந்நூறு முந்நூறாக நிரப்புங்கள், மொத்தமாக வேண்டாம். பட்டை எண்ணைப் படம் எடுத்து வைத்தால்தான் தொலையும்போது நிறுத்தி வைக்கக் கேட்க முடியும்.

தாத்தா, பாட்டி, பிள்ளைகள்

பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் யுபிஐ உண்டு. *99# அழுத்தி 5,000 ரூபாய் வரை அனுப்பலாம், யுபிஐ 123பே என்ற வசதியும் இருக்கிறது. வீட்டில் நிதானமாகச் செய்ய நல்லவை. பின்னால் நாற்பது பேர் நிற்கும் வரிசையில், எண்ணாக எண்ணாக அழுத்தும் முறை ஓடாது. பெரியவர் கையில் வரம்பு குறைத்த ஒரு டெபிட் கார்டைக் கொடுங்கள், எப்படித் தட்டுவது என்று முன்பே கடையில் ஒருமுறை செய்து காட்டுங்கள். அதுவும் முடியாது என்றால், அவரை நோட்டோடு மட்டும் தனியே விட்டுவிட்டு எல்லோரும் ஸ்டாலுக்குப் போகாதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே வங்கிக் கணக்கை நடத்தலாம் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அனுமதி தந்தது. அதற்காக ஒரு மேட்ச்சுக்காகக் கணக்கு திறக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்தால் 300 ரூபாய் போட்டு கார்டைக் கொடுக்கலாம். சிறு பிள்ளைகளைத் தனியே ஸ்டாலுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோர் சட்டைப் பையிலும் கேட் எண், ஸ்டாண்ட் பெயர், வரிசை, சீட் எண், இரண்டு போன் எண்கள் எழுதிய காகிதம் இருக்கட்டும். போன் அணைந்த பிறகு மனப்பாடமாக எண் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது வீட்டில் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

மேட்ச் நாள் காலை: பேட்டரிதான் பர்ஸ்

போன்களுக்கு வேலையைப் பிரியுங்கள். ஒன்று படம் எடுக்க, மற்றொன்று பணம் கட்ட மட்டும். பணப் போனை யாரும் வீடியோவுக்குத் தொடக் கூடாது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதிப் பிரச்சினை வராது.

பணப் போனை நூறு சதவீதம் ஏற்றி, கிளம்பும்போதே பேட்டரி சேமிப்பைப் போட்டு, திரை வெளிச்சத்தைக் குறையுங்கள். ஹாட்ஸ்பாட், புளூடூத், லொகேஷன் மூன்றையும் அணையுங்கள். கூட்டத்தில் சிக்னலைத் தேடித் தேடியே போன் வழக்கத்தைவிட வேகமாகக் கரையும். பயன்படுத்தாத நேரத்தில் ஏர்பிளேன் மோடில் வையுங்கள். இரண்டாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 40 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டாக 500 முதல் 700 ரூபாய், எல்லாம் பத்து, இருபது, ஐம்பது, நூறாக. உள்ளே செல்லாவிட்டாலும் வெளியே ஷேர் ஆட்டோ, காலி-பீலி டாக்ஸி, நள்ளிரவு டீ எல்லாவற்றுக்கும் இதுதான். நாணயத்தை வீட்டிலேயே வையுங்கள்.

பயணம். வான்கடே, சர்ச்கேட் ஸ்டேஷனுக்கும் மரைன் லைன்ஸுக்கும் நடுவில் இருக்கிறது. தாராவிக்காரர்களுக்கு இப்போது மெட்ரோ 3 இருக்கிறது. தாராவியில் ஏறினால் சர்ச்கேட்டில் இறங்கலாம். நிலத்தடி ஸ்டேஷன்களில் மொபைல் சிக்னல் தகராறு என்பது இந்தப் பாதையில் பேர்போன விஷயம், எனவே படி இறங்குமுன்பே டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். கடைசி வண்டி இரவு பத்தரை வாக்கில். ஏழரைக்குத் தொடங்கும் இருபது ஓவர் மேட்ச் பதினொன்றைத் தாண்டும். ஆகவே போவதற்கு மெட்ரோ, வருவதற்கு லோக்கல். சயான், மாட்டுங்காவிலிருந்து வருபவர்கள் தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறுவது நல்லது. செம்பூரிலிருந்து நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துக்கு ஹார்பர் லைனில் நேராக நெருல் போய், அங்கிருந்து ஆட்டோ. எந்த லைனானாலும் கவுன்டரில் காகித ரிட்டர்ன் டிக்கெட் வாங்கிவிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு 4 சதவீதத்தில் தத்தளிக்கும் போனில் ரயில் டிக்கெட் எடுக்கும் நிலைமை வரக் கூடாது.

உள்ளே நுழைந்ததும்

சீட்டைக் கண்டுபிடித்தவுடன், டாஸ் போடுமுன்பே, இரண்டு தண்ணீர் வாங்குங்கள். ஒன்றுக்கு யுபிஐ லைட், ஒன்றுக்கு கார்டு. எது அங்கே வேலை செய்கிறது என்பது கூட்டம் சேருமுன் தெரிந்துவிடும். இலவசக் குடிநீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் பார்த்து எழுந்திருங்கள். இன்னிங்ஸ் இடைவேளையில் ஸ்டேடியம் முழுவதும் ஒரே நேரத்தில் ஸ்டாலுக்கு வரும். வான்கடேயின் கொள்ளளவு ஏறத்தாழ 33,000. அத்தனை போனும் அந்த இருபது நிமிடத்தில்தான் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பும், யுபிஐயும் கட்டும். சாப்பாட்டை 11-லிருந்து 15-ஆவது ஓவருக்குள் வாங்கிவிடுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் பவர்பிளே முடிந்தவுடனேயே போகலாம்.

ஸ்டாலில் முதலில் விலைப்பலகையைப் பார்த்து, மொத்தத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள். க்யூஆரை ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர் கடைப் பெயரா, தனிநபர் பெயரா என்று பாருங்கள். இயந்திரத் திரையில் தொகையோடு வரும் க்யூஆர் நல்லது. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுச் சீட்டுக்கே வந்து விற்பவரிடம் கூடுதல் கவனம். யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்குப் போகும் க்யூஆராக இருந்தால், தகராறு வந்தால் கேட்க ஆள் இருக்காது. உங்களுக்குப் பணம் வர வேண்டுமானால் பின் எண்ணைப் போடுங்கள் என்று கேட்கிற எவரும் ஏமாற்றுக்காரர். பின் என்பது நீங்கள் கொடுப்பதற்கு மட்டும்தான். அட்டையில் எம்ஆர்பி அச்சிட்ட தண்ணீர் பாட்டிலுக்கு அதற்கு மேல் கேட்டால் பில் வாங்கிப் படம் எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம்.

பணம் நடுவழியில் நின்றால்

சுழல்கிறது, சுழல்கிறது, பிறகு "பெண்டிங்". கணக்கில் பணம் போய்விட்டது, ஸ்டால் ஸ்பீக்கர் பேசவில்லை. இங்கேதான் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன. பதற்றத்தில் இரண்டாவது முறை அதே போனில் கட்டி, பிறகு இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும்.

முதலில் செயலியின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து நிலையைப் பாருங்கள். "ஃபெய்ல்டு" என்றால் தாராளமாக மறுபடி கட்டலாம். "பெண்டிங்" என்றால் இரண்டு நிமிடம் ஓரமாக நில்லுங்கள். ஏர்பிளேன் மோடைப் போட்டுப் பத்து விநாடியில் எடுங்கள், 5ஜியை 4ஜிக்கு மாற்றுங்கள், இரட்டை சிம் என்றால் மற்ற நிறுவனத்தின் டேட்டாவுக்குத் தாவுங்கள். ஸ்டாண்டுக்குள் இருப்பதைவிட வெளி நடைவழியில் சிக்னல் சற்று தேவலை. பெயர் தெரியாத திறந்த வைஃபையில் மட்டும் பணம் கட்டாதீர்கள். அப்போதும் தீராவிட்டால் கார்டில் கட்டிவிட்டு, பெண்டிங்கில் நிற்கும் தொகையின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் ஸ்டால் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"சக்சஸ்" என்று உங்களிடம் இருக்கிறது, கடைக்காரர் வரவில்லை என்கிறார் என்றால், பரிவர்த்தனை எண்ணை அவருடைய செயலியில் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் தாமதமாகப் பேசுவது சகஜம்.

கணக்கில் கழிந்து கடைக்குப் போகாத பணம் தானாகத் திரும்பி வர வேண்டும். 2019-இல் ரிசர்வ் வங்கி வகுத்த கெடுப்படி, கடைக்குக் கட்டியதானால் அந்த நாளுக்குப் பிறகு 5 நாள்களுக்குள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் கேட்காமலே வர வேண்டும். வராவிட்டால் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதியுங்கள், பிறகு வங்கியில் எழுத்துமூலம் கொடுங்கள். யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் உதவி எண் 1800-120-1740. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், விவரத்துக்கு 14448. ஏமாற்று என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

இரண்டு முறை கட்டி இரண்டுமே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தத் தானியங்கி ஏற்பாடு உதவாது. அது கடைக்காரர் திருப்பித் தர வேண்டிய பணம். அங்கேயே, அந்த இரவே கேளுங்கள். மறுநாள் அந்த ஸ்டால் அங்கே இருக்காது.

கண்ணுக்குத் தெரியாத செலவு

ரொக்கத்தில் ஒரு வசதி இருந்தது: பர்ஸ் மெலிவது தெரியும். தட்டிக்கொண்டே போகும்போது தெரியாது. யுபிஐ லைட்டில் தானாக நிரப்பும் வசதியை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். நால்வருக்கு அன்றைய தீனிக்கு 1,600 ரூபாய் என்று வீட்டில் முடிவு செய்தால், போனுக்கு 800 வீதம் இரண்டு போன்களில் நிரப்புங்கள். அது தீர்ந்தால் தீர்ந்தது. கார்டு அவசரத்துக்கு மட்டும். மீதித் தொகையைத் திரையில் பிள்ளைகளிடம் காட்டி, ஐஸ்கிரீமா பாப்கார்னா என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.

தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் நாள்கூலியை நோட்டாக வாங்கி, பிள்ளையை ஒரே ஒருமுறை மேட்ச்சுக்குக் கூட்டிப் போக மாதக்கணக்கில் சேர்த்து வைக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் நோட்டு கேட்டுக்குள் செல்லாது என்பது சரியில்லை. போட்டி நடத்துபவர்கள் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் நோட்டைக் கட்டணமில்லாத கார்டாகவோ கூப்பனாகவோ மாற்றித் தரும் ஒரு கவுன்டரையாவது வைக்க வேண்டும். ரொக்கம் இல்லை என்பதை டிக்கெட் வாங்கும்போதே, பொடி எழுத்தில் இல்லாமல், பெரிதாகச் சொல்ல வேண்டும். மேட்ச் முடிந்ததும் வரும் கருத்துக்கேட்பு மின்னஞ்சலில் இதை எழுதுங்கள். உங்கள் பக்கத்துச் சீட்டில் நோட்டோடு திகைத்து நிற்பவர் இருந்தால் நோட்டை வாங்கிக்கொண்டு உங்கள் போனில் கட்டிக் கொடுங்கள். அவர் காட்டும் க்யூஆரை மட்டும் ஸ்கேன் செய்யாமல், ஸ்டாலுக்குக் கூடவே போய்க் கட்டுங்கள்.

வீடு வந்த பிறகு

மறுநாள் காலை பதினைந்து நிமிட வேலை இருக்கிறது. வங்கி எஸ்எம்எஸ்ஸையும் செயலி வரலாற்றையும் ஒப்பிட்டு, ஒரே தொகை இரண்டு முறை போயிருக்கிறதா பாருங்கள். பெண்டிங்கில் நின்ற தொகை இருந்தால் ஐந்து நாள் கெடு முடியும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். யுபிஐ லைட்டில் மிச்சமிருப்பதைக் கணக்குக்கே திருப்பிக்கொள்ளலாம். யுபிஐ சர்க்கிளில் கொடுத்த அனுமதியை நீக்குங்கள், அல்லது அந்த வரம்பிலேயே விட்டுவைக்கலாமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். தாத்தாவிடம் கொடுத்த கார்டில் தட்டிக் கட்டும் வசதியை அணையுங்கள். கைப்பட்டையில் பணம் மிச்சம் என்றால் திருப்பிக் கேட்கும் படிவத்தை அன்றே நிரப்பி அனுப்புங்கள். அந்தக் கெடு பெரும்பாலும் சில நாள்கள்தான்.